ஆரஞ்சுத் துருவுக்கு அடியில் கறுப்பு: கடல்நீரில் இரும்பு பார்த்தவர்களின் அனுபவம்

ஓதம்:
ஜெட்டி பராமரிப்பு என் வேலை. ஷீட் பைலை, அதாவது சுவர்போல வரிசையாக அடித்து இறக்கிய இரும்புத் தகடுகளைப் பார்க்கத் தண்ணீர் நன்றாக வற்றும் நேரம்தான் சரி. ஒரு துறைமுகத்தில் வற்றுமட்டத்தை ஒட்டி வரிசையாக ஆரஞ்சுத் திட்டுகள். வழக்கமான துரு போலக் கெட்டியாக இல்லை, விரல் பட்டாலே கொழகொழவென்று வழிந்தது. அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். துடைத்தால் இரும்பு பளபளவென்றிருந்தது, ஆனால் முழுக்கக் குழி. "உள்ளே நல்லாத்தானே இருக்கு" என்றார் கூட வந்தவர். அந்தப் பளபளப்புதான் ஆபத்து. இரும்பு அப்போதுதான் அரிபட்டிருக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஆக்சிஜன் எட்டாத அடிப்படிவில் ஒரு பாக்டீரியா அதைச் சல்பைடாக்குகிறது. அது இரும்போடு சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு. காற்றுப்படும் மேல்பக்கத்தில் இன்னொரு பாக்டீரியா அதே சல்பைடிலிருந்து கந்தக அமிலம் உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே திட்டில் கூட்டுக்குடித்தனம். சாதாரணமாக ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவில் தேயும் தகடு, இப்படிப்பட்ட இடத்தில் 0.5 மி.மீ.க்கு மேலும் போகும்.

பட்டறைக்காரன்:
கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் டேங்கிலும் இதே கதைதான். பெயிண்ட் விட்டுப்போன இடத்தில் சேறு தங்கினால், வாரிய பிறகு அடித்தகட்டில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கேஸ் மீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

நீலக்கரை:
எல்லாப் படிவும் எதிரி இல்லை. அனோட் (இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டி) மாட்டிய பைலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பை ஒட்டிய நீரில் காரத்தன்மை ஏறுவதால் கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் படிகின்றன. அது ஆக்சிஜனைத் தடுப்பதால் அனோட் மெதுவாகக் கரையும். நான் இருந்த ஒரு வேலையில் டைவர்கள் அதை அழுக்கென்று நினைத்து மொத்தமாகச் சுரண்டிவிட்டார்கள். அந்த வெள்ளை மறுபடி படியும்வரை அனோட்கள் கூடுதலாகக் கரைந்தன. எனக்கு மனசே ஆறவில்லை.

ஓதம்:
உண்மை. தடிமன் அளக்க உள்ளங்கையளவு இடம் சுரண்டினால் போதும். அப்புறம், அனோட் இரும்பைப் போதிய அளவு காக்கிறதா என்று அறிய, ஒப்பீட்டுக்கான வெள்ளி குளோரைடு மின்வாயை வைத்துப் பைலின் மின்னழுத்தத்தைப் பார்க்கும்போது வழக்கமாக -0.80 வோல்ட் இருந்தால் திருப்தி. கறுப்பு தென்பட்ட பைலுக்கு -0.90 வேண்டும். சந்தேகம் வந்தால் கறுப்பின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், திறந்தவெளியில். முட்டை நாற்றம் கிளம்பினால் சல்பைடுதான்.