வேட்டை ரைபிளுக்குப் பேரல் (குழல்) மாற்றியவர்கள் சொல்லுங்கள்: எந்தத் தோட்டாவுக்குப் போனீர்கள், என்ன ஆனது?

எல்க்_பைத்தியம்:
ரெமிங்டன் 700 ரைபிள், லாங் ஆக்ஷன் (நீளமான தோட்டாவுக்கான அமைப்பு), .270 தோட்டா. குண்டு பேரலுக்குள் நுழையும் இடமான தொண்டை தேய்ந்து பேரல் முடிந்துவிட்டது. மானுக்கும் எல்க் என்ற பெரிய மான் வகைக்கும் ஒன்றே போதும் என்று, சாதா .280-இன் கூட்டை மாற்றி வடிவமைத்த .280 அக்லி இம்ப்ரூவ்டுக்கு மாற்றினேன். சுடுவதில் ஒரு குறையும் இல்லை. மனதில் நிற்பது வேறு.

டெக்சாஸிலிருந்து மொன்டானா போனபோது விமானத்தில் தோட்டாப் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. மறுநாள் சீசன் திறப்பு. சின்ன ஊர், ஒரே ஹார்டுவேர் கடை. அலமாரியில் .270, .30-06, .308, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 6.5 கிரீட்மூர் எல்லாம் இருந்தன. அக்லி என்றதும் கடைக்காரப் பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்றார். கடைசியில் அடித்தட்டில் தூசி படிந்த ஒரு பெட்டி சாதா .280 ரெமிங்டன் அகப்பட்டது. அக்லி சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) அது போகும், தெரிந்த விஷயம்தான். குறி சரியா என்று பார்க்கச் சுட்டதும் வெளியே விழுந்த தோட்டாக் கூட்டை எடுத்தேன், இன்னும் சூடு. உள்ளே போகும்போது 17.5 டிகிரி சரிவில் இருந்த தோள் (கூடு கழுத்துக்குக் குறுகும் இடம்), 40 டிகிரிக்கு விறைத்து வந்திருந்தது. உடம்பும் நேராகிவிட்டது. எல்க் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கொம்பை விட்டுவிட்டு அந்தக் கூட்டைத்தான் காட்டுகிறேன்.

சிக்கா_விசில்:
நியூசிலாந்து, கைமனாவா காடு. 24 இன்ச் பேரல், அதன் நுனியில் சத்தம் குறைக்கும் சப்ரஸர். நீளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கல்லூரிப் பையன் பஸ்ஸுக்குள் கொண்டுவரும் ஓட்டைக் குடை மாதிரி எல்லாவற்றிலும் இடிக்கும். ஒரு சிக்கா கலைமான், பத்துப் பதினைந்து அடிதான், முதுகு முழுக்கத் தெரிகிறது. துப்பாக்கியைத் திருப்பினேன், புஷ் லாயர் கொடி முள்ளில் சப்ரஸர் மாட்டிக்கொண்டது. இழுத்த சத்தத்துக்கு அது கீச்சென்று கத்திவிட்டு மறைந்தது. அந்தக் கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது.

அடுத்த மாதமே .308 தோட்டாவுக்கு 16 இன்ச் பேரல். பேரலைக் குறைத்தால் ஒரு இன்ச்சுக்கு நொடிக்கு இருபது, இருபத்தைந்து அடி வேகம்தான் போகும். இந்தக் காட்டில் யார் கவலைப்படப் போகிறார்கள்? அக்லி நண்பரே, சாதா .280-ஐ விட நூறு அடி வேகம் கூடக் கிடைக்கும் என்பதற்காகவா ஊர் ஊராகத் தோட்டா தேடுவது?

மூஸ்_அண்ணை:
தம்பிமாரே, இந்தக் கேள்விக்கு நோர்வே ராணுவம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. போர் முடிந்து ஜெர்மன்காரர் விட்டுப்போன மவுசர் 98 ரைபிள்களுக்கு .30-06 பேரல் போட்டார்கள். போல்ட் முகத்தை (தோட்டாவின் அடி பொருந்தும் பகுதி) மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அவற்றில் நிறைய பிறகு வேட்டைக்காரர் கைக்கு வந்தன. என்னுடையதும் அந்த வகைதான்.

நான் சொல்ல வந்தது எங்கள் வேட்டைக் குழுவில் நடந்தது. ஒரு பெடியன் புதுசாக 6.5 மி.மீ. பேரல் போட்டு, செப்புக் குண்டோடு மூஸ் என்ற மிகப் பெரிய மானை வேட்டையாட வந்தான். குழுத் தலைவர் தோட்டாப் பெட்டியை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, குண்டின் எடையை மெல்ல வாசித்தார்: 7.8 கிராம். மூஸுக்கு அப்போது சட்டப்படி குறைந்தது 9 கிராம் வேண்டும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெடியன் அன்று முழுக்கக் கோப்பி ஊற்றிக் கொடுத்தான். துப்பாக்கியில் பிழையில்லை, 6.5-இலேயே 140 கிரெய்ன் எடையுள்ள குண்டு போட்டிருந்தால் 9 கிராமைத் தாண்டியிருக்கும்.

அளவுகோல்:
வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்றில் பேரல் மேல் எந்தப் பொறிப்பும் இல்லை. விற்றவர் .270 என்றார். சேம்பரில் எளிதில் உருகும் உலோகத்தை ஊற்றி எடுத்து அளந்தால் .25-06. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எல்லோரும் தோட்டாவின் பேரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். போல்ட் முகத்தைப் பாருங்கள் ஐயா. அதன் விட்டம் .473 இன்ச் என்றால் ஷார்ட் ஆக்ஷனில் .243, 7எம்எம்-08, .308, 6.5 கிரீட்மூர். லாங்கில் .25-06, .270, .280, .30-06. இதற்குள் மாற்றினால் போல்ட்டைத் தொட வேண்டாம். மேக்னத்துக்குப் போனால் .532, செலவு ஏறும். அப்புறம் ட்விஸ்ட், அதாவது குண்டைச் சுழலவிடும் பேரல் உள்வரிகளின் முறுக்கு. செப்புக் குண்டு அதே எடை ஈயத்தை விட நீளம், மெதுவான ட்விஸ்டில் நிலைக்காது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, அங்கே இருப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். தோட்டா அடுக்கும் மேகசினின் நீளம் பார்த்தீர்களா? பேரல் வந்ததும் சேம்பரின் நீளம் சரியா என்று பார்க்கும் அளவுக்கட்டைகளில், கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக்கூடாது. கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) செய்துவிட்டார் என்றாலும் நம் கண்முன் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள். புதுப் பேரலில் தோட்டாப் பெயரைப் பொறிக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். எல்லாம் தெரிந்தும் குழப்பம் என்றால் .308, லாங் ஆக்ஷன் என்றால் .30-06. எந்தக் கடையிலும் இருக்கும்.

எல்க்_பைத்தியம்:
நான் யோசனை கேட்கவில்லையே சார். அக்லியில்தான் இருக்கப் போகிறேன். தோட்டாவை மட்டும் இனிமேல் இரண்டு பெட்டியாகப் பிரித்து எடுத்துப் போகிறேன்.

சிக்கா_விசில்:
@மூஸ்_அண்ணை, அந்தப் பெடியன் அடுத்த வருஷம் எதைக் கொண்டுவந்தான்?

மூஸ்_அண்ணை:
அதே 6.5 தான். குண்டு 140 கிரெய்ன். பெட்டியைத் தானாகவே முதலில் நீட்டினான்.