நிலாவெளியில் விளம்பரப் படப்பிடிப்பு: டீசலையும் குப்பையையும் எங்கே குறைப்பது?

உப்புவெளிக் கமரா எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் விடுதிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் காணொளி விளம்பரங்கள் எடுத்துக் கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனம், குளிர்பானம் ஒன்றுக்கான 40 விநாடி விளம்பரத்தின் கடற்கரைக் காட்சிகளை நிலாவெளியில் எடுப்பதற்கு எங்களிடம் விலை கேட்டிருக்கிறது. குளிர்பான நிறுவனத்தின் தலைமையகம் வெளிநாட்டில் இருப்பதால், படப்பிடிப்பினால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறும், அதைக் குறைக்க என்ன செய்யப் போகிறோம் என்ற விபரங்களையும் விலையோடு சேர்த்துத் தர வேண்டுமாம்.

அவர்கள் அனுப்பிய திட்டத்தின்படி கொழும்பிலிருந்து நான்கு வான்கள் வரும். லொறியில் ஒரு பெரிய மின்பிறப்பாக்கி வரும். விடியற்காலைக் காட்சியும் அந்திக் காட்சியும் ஒரே கடற்கரையில் விளக்கு வைத்து எடுக்கப்படும். நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவில் ஒரு காட்சி உண்டு. தண்ணீர்ப் போத்தல்களையும் சாப்பாட்டுத் தட்டுகளையும் மாற்றலாம் என்று எங்கள் குழுவினர் சொல்கிறார்கள். அதற்கு மேல் எங்கே கைவைத்தால் உண்மையான குறைப்புக் கிடைக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தட்டையும் போத்தலையும் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் காபன் கணக்கில் அவை கடைசி வரியில்தான் வரும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்ற ஒரேயொரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் திட்டத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வீதி வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர், போய்வர 520. ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிய வான் ஒன்று லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 52 லீற்றர், அதாவது 140 கிலோகிராம். நான்கு வான்களுக்கு 560 கிலோகிராம் ஆகிவிடுகிறது. கமராவை இன்னும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. லொறி தனிக்கணக்கு.

ஆகவே யார் யார் கட்டாயம் வர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடிப்பவர்கள் வரட்டும். ஒப்பனை, உதவியாளர்கள், ஒலி, அரங்கப் பொருட்கள், வாகனம் எல்லாம் திருகோணமலையிலேயே கிடைக்கும்போது அவற்றைத் தலைநகரிலிருந்து சுமந்து வருவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணமில்லை. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து மூன்று நான்கு பேர் தனி வாகனத்தில் வந்து, குடைக்குக் கீழே இருந்து திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கமராவில் தெரிவதை இணையம் வழியாக நேரடியாகப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் 2020 இல் கொரோனாக் காலத்தில் பரவலாகிவிட்டது, அதையே கேளுங்கள். கல்ஓயாச் சந்தியில் பிரிந்து உங்கள் ஊருக்கு வரும் புகையிரதமும் இருக்கிறது. பாரமில்லாமல் வருபவர்கள் அதில் வரலாம்.

கணக்குப் போடுவதற்கு, பிரித்தானிய விளம்பரத் துறையினர் 2021 இல் வெளியிட்ட 'அட்கிரீன்' என்ற காபன் கணிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் தலைமையகம் எந்தக் கணிப்பானை ஏற்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபன் என்று காட்டும் காரணி நாட்டுக்கு நாடு மாறும். நமது மின்சாரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் இருக்கிறது, நீர்மின்சாரமும் இருக்கிறது என்பதால் வேறொரு நாட்டின் எண்ணை அப்படியே போட முடியாது. எரிபொருள் பற்றுச்சீட்டுகளையும், ஒவ்வொரு வாகனமும் புறப்படும்போதும் திரும்பும்போதும் மீற்றர் காட்டும் கிலோமீற்றரையும் ஒருவரைப் பொறுப்பாக வைத்து எழுதச் சொல்லுங்கள். படப்பிடிப்பு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதும் கணக்கு கணக்கல்ல. நாலு மரக்கன்று நட்டுப் படம் பிடித்து அனுப்புவதைக் குறைப்பு என்று காட்டவும் வேண்டாம். அது வேறு விடயம்.

விளக்குக்காரர் எழுதியது:

விளக்கு வேலை செய்பவன் என்ற முறையில், அந்தப் பெரிய மின்பிறப்பாக்கி எதற்கு என்று கேட்கிறேன். நிலாவெளி கிழக்குக் கடற்கரை. விடியற்காலைக் காட்சிக்குக் கடலிலிருந்தே சூரியன் எழுந்து வந்து வெளிச்சம் தருகிறது. ஒரு வெள்ளைத் துணிப் பலகையைச் சரியான கோணத்தில் பிடித்தால் முகத்திலுள்ள நிழலையும் எடுத்துவிடலாம். சிக்கல் அந்திக் காட்சியில்தான் இருக்கிறது. மாலையில் அதே கரையில் சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் போய்விடும் என்பதால், கடல்மேல் அந்திவெயில் விழுவதுபோலக் காட்ட ஆயிரக்கணக்கான வாட் விளக்குகளைத் தூக்கி நிறுத்த வேண்டிவரும். அந்திக் காட்சியை நகரத்து உள்துறைமுகக் கரைக்கு மாற்றுங்கள். அங்கே சூரியன் துறைமுகத்து நீருக்கு அப்பால், மேற்கே மலைகளின் பின்னே இறங்குகிறது. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான். கதையில் ஒரு வரியை மாற்றினால் ஒரு லொறி குறைகிறது.

விளக்கு இல்லாமல் முடியாத இடங்களில், பழைய 2000 வாட் டங்ஸ்டன் விளக்குச் செய்த வேலையை இன்று 300 அல்லது 400 வாட் எல்.ஈ.டி. விளக்கு செய்துவிடுகிறது. அவற்றுக்கு வேண்டிய மின்கலங்களை விடுதி அறையில் இரவில் மின்னேற்றி எடுத்து வரலாம். ஆனாலும் மின்சாரம் போதாமல் போகுமோ என்ற பயத்தினால் 30 கேவிஏ திறனுள்ள பெரிய மின்பிறப்பாக்கியைக் கொண்டுவந்து நாள் முழுவதும் ஓடவிட்டு, அதில் இரண்டு விளக்கும் ஒரு தேநீர்க் கேத்தலும் மாட்டியிருப்பார்கள். சுமை குறைவாக இருந்தாலும் இயந்திரம் தான் சுழல்வதற்கே டீசல் குடிக்கும். அப்படி நெடுநேரம் ஓடும் இயந்திரத்தின் புகைப்போக்கியில் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து கறுப்புப் புகை தள்ளும். மின்பிறப்பாக்கி வேண்டியே ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு கருவியின் வாட் எண்ணிக்கையையும் கூட்டி, அதற்குச் சற்று மேலான அளவில் சிறியதொன்றை உள்ளூரில் வாடகைக்கு எடுங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் கடந்து வாடைமழை தொடங்கிவிட்டால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அறை, வளிச்சீராக்கி, வாகனம், சாப்பாடு என்று கணக்கை ஏற்றிக்கொண்டே போகும்.

புறாமலையான் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன். காபன் கணக்கில் குப்பை கடைசி வரியாக இருக்கலாம். எங்கள் ஊருக்கு அது முதல் வரி. நகரத்திலும் பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் திரியும் புள்ளிமான்கள் சோறு ஒட்டிய பொலித்தீன் பைகளைத் தின்பதை இங்குள்ளவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தச் சேதத்தை எந்தக் கணிப்பானும் கிலோகிராமில் காட்டாது.

சட்டமும் இருக்கிறது. லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவை 2023 ஒக்டோபரிலிருந்து தடை. ஆகவே தட்டை மாற்றுவதை நீங்கள் செய்த குறைப்பாக எழுதவே முடியாது, அது சட்டப்படி நடப்பது மட்டுமே. நிலாவெளியில் சமைக்கும் ஒருவரிடம் சொல்லிவைத்தால் சோற்றையும் மீன்குழம்பையும் சட்டியோடு கொண்டுவந்து வாழையிலையிலோ கழுவிப் பாவிக்கும் கோப்பையிலோ பரிமாறுவார். பெரிய தண்ணீர்க் கொள்கலன் ஒன்றை வைத்து, ஆளுக்கொரு போத்தலைப் பெயரெழுதிக் கொடுங்கள்.

குளிர்பான விளம்பரம் என்பதால் இன்னொன்று. போத்தலில் பனித்துளி நிற்பதுபோலக் காட்டக் கிளிசரினும் தண்ணீரும் கலந்து தெளிப்பார்கள். பானம் துள்ளித் தெறிக்கும் காட்சிக்காகப் போத்தல் போத்தலாகத் திறந்து மணலில் ஊற்றுவார்கள். தெறிப்புக் காட்சியைக் கடற்கரையில் எடுக்கவே தேவையில்லை. ஓர் அறைக்குள் கீழே தொட்டி வைத்து எடுத்தால், விழுந்த பானத்தை வடித்து அடுத்த தடவைக்கும் ஊற்றலாம். ஐஸ்கட்டிக்கும் திரும்பத் திரும்பப் பாவிக்கும் அக்ரிலிக் கட்டிகள் இருக்கின்றன.

புறாமலைக் காட்சியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. கரையோரத்து ஆழமற்ற நீரில் முருகைக்கற்கள் இருப்பதால், முக்காலியோடு இறங்கும் ஒருவரின் காலடியே அவற்றை உடைக்கப் போதும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி கிடைத்தாலும் ட்ரோனின் இரைச்சல் பறவைகளைக் கிளப்பிவிடும். நிலாவெளிக் கரையிலிருந்தே தீவு தெளிவாகத் தெரிகிறது. தூரத்தை அருகில் காட்டும் நீண்ட குவியத்தூர வில்லை (லென்ஸ்) ஒன்றை மாட்டினால் வேண்டிய படம் கிடைக்கும். கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்த இடத்தைப் பிடிக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

தொகுப்பு மேசை எழுதியது:

படத்தொகுப்பில் சொல்வதற்கு அதிகமில்லை. காட்சிகளை மிகப்பெரிய தரத்தில் தேவையில்லாமல் பதிவு செய்வதையும், ஒரே கோப்பை ஐந்து இடங்களில் வைத்திருப்பதையும் நிறுத்துங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் பிரதிகள் போதும். அவற்றைக் கையில் கொடுத்து ஒரு வாகனத்தைக் கொழும்புக்கு அனுப்பாமல், திரும்பிப் போகிறவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

உப்புவெளிக் கமரா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்திக் காட்சியை உள்துறைமுகத்துக்கு மாற்ற இயக்குநர் சம்மதித்துவிட்டார். தீவைக் கரையிலிருந்து எடுக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார். உள்ளூர் ஆட்களைப் பயன்படுத்துவதில்தான் தயங்குகிறார்கள். அனுபவம் போதாது, தாமதமாகும் என்கிறார்கள். இதை எப்படிக் கையாள்வது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு விலைகளாகக் கொடுங்கள். ஒன்றில் அவர்கள் கேட்ட நான்கு வான்களும் லொறியும் இருக்கட்டும். மற்றதில் ஒரு வானும் உங்கள் ஊர் ஆட்களும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே டீசல் லீற்றரையும் தங்குமிடச் செலவையும் காபன் கிலோகிராமையும் தனித்தனி வரிகளாகப் போடுங்கள். அனுபவம் பற்றிய பயத்துக்கு, ஒப்பனையாளரும் ஒலிப்பதிவாளரும் முன்பு செய்த வேலைகளின் துண்டுக் காட்சிகளை இணைத்து அனுப்புங்கள். படப்பிடிப்புக்கு முந்தைய மாலையில் ஓர் ஒத்திகை வைக்கிறோம் என்றும் எழுதுங்கள். காபன் கணக்கைக் கேட்டது அவர்களின் தலைமையகம் என்பதால், முதல் விலையைத் தெரிவு செய்தால் அதற்கான காரணத்தை அவர்களே மேலே எழுதி அனுப்ப வேண்டிவரும்.