கேன் தண்ணீர்க் கணக்கு போட்ட பி.காம். மாணவி

தருமபுரி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். இ.வி.எஸ். என்கிற சுற்றுச்சூழல் கல்வி வகுப்பும் என் பொறுப்புதான். 1991-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வளர்ந்த பாடம் அது. எந்த மேஜர் எடுத்தவரும் எழுதியாக வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நோட்ஸ் புரட்டித் தேறுகிற பேப்பர் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பி.காம்., தமிழ், வரலாறு, வேதியியல் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் கல்லூரியில் வேறு எங்கே இருக்கிறது?

ஒரு வருஷம், பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடை எடுத்துக்கொண்டோம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது நம் நாட்டு வரம்பு. அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை, போகப்போக எலும்பும் மூட்டும் கெடும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான் கதி.

என் மேஜர் பிள்ளைகள் ஊர் ஊராகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதித்தார்கள். சிவப்புக் கரைசலை விட்டதும் ஃபுளோரைடு கூடுதலான தண்ணீர் மஞ்சளாகிவிடும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குறித்துக்கொள்வார்கள். அட்டவணை தயார். “கேன் தண்ணீர் வாங்குகிற வீடுகளுக்குப் பயமில்லை” என்று முடிவும் எழுதிவிட்டார்கள்.

வீட்டுச் செலவைக் கணக்கெடுத்த பி.காம். மாணவி அங்கேதான் நிறுத்தினாள். “சார், இந்த வீட்டில் அஞ்சு பேர். வாரத்துக்கு ரெண்டு கேன்தான் வாங்குறாங்க. குடிக்க மட்டும்தான் சரியா இருக்கும். அப்ப சோறு எதுல ஆக்குறாங்க?”

எல்லாம் போர் தண்ணீரில்தான். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் ஏறும். இது என் பிள்ளைகளுக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது அவளுடைய செலவு நோட்டு. மறுபடி கிளம்பினார்கள், இந்த முறை குழம்பையும் கஞ்சியையும் பற்றிக் கேட்க.

தமிழ்த்துறைப் பையன் பாட்டிகளிடம் பேசி, போர் போடுவதற்கு முன்னால் எந்தக் கிணற்றில் இறைத்தார்கள் என்று எழுதி வந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அட்டவணையை ஆழப்படி அடுக்கத் தோன்றியது. எங்கள் மாதிரிகளில் ஆழமான போர்களில்தான் பெரும்பாலும் அளவு கூடுதல். பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர் அது. கால்சியத்தோடு சேர்ந்தால் ஃபுளோரைடு படிந்துவிடும்; கால்சியம் குறைந்திருந்தால் படியாமல் கரைந்தே நிற்கும். ஏன் இவ்வளவு ஆழம் போனோம் என்று கேட்டால் ஏரிகள் தூர்ந்தது, 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது என்று பேச்சு வரலாற்றுப் பக்கமும் பொருளாதாரப் பக்கமும் போய்விடும். போக வேண்டியதுதான்.

ஆளுக்கு ஒரு அத்தியாயம் எழுதித் தைத்துக் கொடுப்பதைத்தான் நாம் பலதுறைப் படிப்பு என்று வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது போதவில்லை. ஒருத்தி கேட்ட கேள்வி இன்னொருவனின் முடிவை அடித்து எழுத வைத்ததே, அதைத்தான் வகுப்பில் எதிர்பார்க்கிறேன்.

மதிப்பெண் போடுவதில்தான் சிக்கல். இன்டர்னலில் தனித்தனி அசைன்மென்டுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது? உங்கள் கல்லூரியில் யாராவது வழி கண்டிருந்தால் விவரமாக எழுதுங்கள்.