வெர்டிகோ டிஸ்க்ல சவுண்டு சரியில்ல, கலரும் டவுட்டா இருக்கு (அவசரம்)

பால்கனி டிக்கெட்:
வணக்கம் மக்களே, ஹிட்ச்காக் எடுத்த பழைய இங்கிலீஷ் படம் வெர்டிகோ டிஸ்க் வாங்கி நேத்து நைட்டு போட்டா பேசறது ஒன்னும் காதுல விழல, மியூசிக் வந்தா மட்டும் வீடே அதிருது, ரிமோட்ட கீழ வைக்காம ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கியே படத்த ஓட்டினோம். ஆரம்பத்துல மொட்டமாடில தொரத்திட்டு போய் சுடுவாங்கல்ல, அந்த துப்பாக்கி சத்தம் போன மாசம் வந்த படம் மாதிரி கேக்குது. அப்பா இத அந்த காலத்துல கேசட்ல பாத்தவரு, இது அந்த சத்தமே இல்லடா உன்ன யாரோ நல்லா ஏமாத்திட்டான்ங்கறாரு. அப்புறம் கடைசி பக்கம் ஓட்டல் ரூம்ல ஹீரோயின் வரும்போது எல்லாம் பச்சை புகையா தெரியுது, அதுக்கு முன்னாடி கல்லறை சீனும் மங்கல். அதோட ஆஃப் பண்ணிட்டேன், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ரிட்டர்ன் பண்ண நாளைக்கு தான் கடைசி. டிஸ்க் டூப்ளிகேட்டா இல்ல டிவி போச்சா, சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

டீக்கடை பெஞ்சு:
தம்பி எந்த டிவி, எந்த பிளேயர், சவுண்டு டிவிலேர்ந்தே வருதா இல்ல வேற ஏதாவது மாட்டிருக்கீங்களா, டிஸ்க் ப்ளூரேவா 4கேவா, எந்த வருஷ ரிலீஸு. இதுல ஒன்னு கூட சொல்லாம டூப்ளிகேட்டான்னு கேட்டா நாங்க என்ன ஜோசியமா பாக்கறது

சவுண்டு சர்வீஸ்:
கேபிள் தான் சந்தேகமே இல்ல. எச்டிஎம்ஐ கேபிள் மலிவா வாங்கினா இப்படித்தான், மாத்திட்டு சொல்லுங்க.

ஓசி வைஃபை:
பென்டிரைவ்ல ஏத்தி போட்டீங்களா ப்ரோ? சில டிவில 2018லேர்ந்து டிடிஎஸ்ங்கற சவுண்டு ஃபார்மேட்ட தூக்கிட்டாங்க, அதான்

டீக்கடை பெஞ்சு:
டிடிஎஸ் எடுக்கலன்னா சத்தமே வராதுப்பா. இவருக்கு மியூசிக் வீட்ட அதிர வைக்குதுங்கறாரு

ரீல்பெட்டி:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வந்துடறாங்க. தேடற பெட்டின்னு மேல ஒன்னு வெச்சிருக்காங்க, அது அழகுக்கு இல்ல. 1958ல எடுத்த படத்த வாங்கறதுக்கு முன்னாடி அந்த படம் எப்படி எடுத்தாங்க எப்படி காப்பாத்தினாங்கன்னு பத்து நிமிஷம் படிக்கக்கூட பொறுமை இல்லாதவங்களுக்கு டிஸ்க் எதுக்கு, ஃபோன்லயே பாத்துட்டு போகலாம். டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. விஷயம் தெரிஞ்சவங்களுக்கு காரணம் தெரியும்.

ஓசி வைஃபை:
தெரிஞ்சா சொல்லிட்டு போங்க சார், எதுக்கு இந்த பில்டப்பு

விவிட் மோடு வில்லன்:
பச்சைக்கு நான் கேரண்டி. டிவில பிக்சர் மோட் விவிட்ல இருக்கும், மாத்தி ஃபிலிம் மேக்கர் மோடுல போடுங்க, அப்படியே மோஷன் ஸ்மூத்திங் எல்லாத்தையும் அணைங்க. வீட்டுக்கு வீடு இத நான் தான் போய் சரி பண்ணிட்டு வரேன், மாமா வீட்டுல எம்ஜிஆர் படம் கூட சீரியல் மாதிரி வழுக்கிட்டு ஓடிட்டு இருந்துச்சு. பச்சை போய்டும் பாருங்க

பால்கனி டிக்கெட்:
55 இன்ச் டிவி, சவுண்டுபார் இருக்கு. ஒரிஜினல் டிஸ்க் தான் பென்டிரைவ் எல்லாம் இல்ல. கேபிள் மாத்தி பாத்தேன் அதே தான். ஃபிலிம் மேக்கர் மோடு போட்டேன், மத்ததெல்லாம் நல்லாருக்கு ஆனா அந்த பச்சை போகல

டீக்கடை பெஞ்சு:
பிளேயர் எதுன்னு இன்னும் சொல்லல. டிஸ்க் எதுன்னும் சொல்லல

மேட்னி ஷோ:
தம்பி, ரிட்டர்ன் போடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மூணு விஷயத்த ஒன்னா போட்டு குழப்பிக்கிட்டீங்க, தனித்தனியா சொல்றேன்.

முதல்ல பச்சை. அது உங்க டிவி இல்ல, ஹிட்ச்காக் வெச்ச பச்சை. அந்த பொண்ணு தங்கியிருக்கற எம்பயர் ஓட்டல் வாசல்ல பச்சை நியான் போர்டு இருக்கும், அந்த வெளிச்சம் ஜன்னல் வழியா ரூம் முழுக்க அடிக்கும். குளிக்கற ரூம் கதவ திறந்துகிட்டு அவ வெளிய வரும்போது செத்தவ திரும்பி வர மாதிரி தெரியணும்னு தான் அப்படி எடுத்தாரு. கல்லறை சீன் சான்ஃபிரான்சிஸ்கோல மிஷன் டோலோரஸ்ங்கற பழைய சர்ச்ல எடுத்தது, நல்ல வெயில்ல ஃபாக் ஃபில்டர் மாட்டி எடுத்ததால பனி மூடின மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால தான் ரெண்டும் ஒரே மாதிரி உங்க கண்ண உறுத்துது. இது போச்சுன்னா தான் டிவி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

அடுத்தது துப்பாக்கி. உங்கப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி, அவர் காது நல்ல காது. இந்த படத்தோட நெகட்டிவ் கலர் மங்கி பாழாயிட்டு இருந்தப்போ ராபர்ட் ஹாரிஸ், ஜேம்ஸ் காட்ஸ்னு ரெண்டு பேர் எடுத்து சீராக்கி 1996ல 70எம்எம்ல வெளியிட்டாங்க, சவுண்டு டிடிஎஸ்ல. பழைய படம் மோனோ, அதாவது பேச்சு இசை சத்தம் எல்லாம் ஒரே டிராக்ல, ஸ்டீரியோவா பிரிக்கணும்னா இசை தனியா சத்தம் தனியா வேணும். இசையோட ஒரிஜினல் டேப் பாராமவுண்ட் கிடங்குல இருந்துச்சு, அத எடுத்துக்கிட்டாங்க. சத்தத்துக்கு அப்படி எதுவும் சரியா இல்லாததால காலடி, கதவு, கார், துப்பாக்கி எல்லாத்தையும் புதுசா ரெக்கார்ட் பண்ணி ஒட்டினாங்க. அப்பவே இதுக்கு பெரிய சண்டை. சைப்ரஸ் பாயிண்ட்ல கடல் ஓரமா ரெண்டு பேரும் நிப்பாங்கல்ல, அங்க பழைய டிராக்ல இருந்த இரைச்சல மறைக்க கடற்காக்கா கத்தறதும் கப்பலுக்கு ஊதற ஹாரனும் கூடுதலா சேத்தாங்க. அப்பா கேசட்ல பாத்தது 96க்கு முன்னாடின்னா அவர் கேட்டது பழைய மோனோ.

மூணாவது தான் உங்க நிஜ பிரச்சனை. பேச்சு சன்னம் மியூசிக் காட்டுக்கத்தல்னா டிஸ்க் ரீமிக்ஸ், அதாவது புதுசா பிரிச்சு கலந்த டிராக்ல ஓடுது. அதுல பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு போகும், உங்க பார்ல நடு ஸ்பீக்கர் இல்லன்னா இல்ல சர்ரவுண்டுன்னு ஏதாவது பட்டன் ஆன்ல இருந்தா பேச்சு அமுங்கிடும். படம் ஓடும்போது ஆடியோ பட்டன் அமுக்குங்க, இல்லன்னா டிஸ்க் மெனுல ஆடியோவுக்கு போங்க. இங்கிலீஷ் 2.0 மோனோன்னு ஒன்னு இருக்கும், அத போட்டு மொட்டமாடி சீன மறுபடி பாருங்க. அப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க.

டீக்கடை பெஞ்சு:
அக்கா வந்துட்டா போதும். கூடவே சவுண்டுபார்ல நைட் மோடு இருந்தா அதையும் பாருங்க தம்பி, ஏத்தி எறக்கற வேலை மிச்சம்

ரீல்பெட்டி:
நல்லா விளக்கினீங்க, ஆனா மோனோ போடுன்னு சொல்றது அநியாயம். பெர்னார்ட் ஹெர்மன் போட்ட இசைய ஒரே குழாய்ல அடைச்சு கேக்கறதுக்கு பேசாம இருக்கலாம். அமெரிக்காவுல இசைக்காரங்க ஸ்டிரைக்குனு லண்டன்லயும் வியன்னாலயும் போய் மியூர் மாத்தீசன்ங்கற கண்டக்டர வெச்சு நடத்தி ரெக்கார்ட் பண்ணாங்க. அந்த டேப்ப கண்டுபிடிச்சு விரிச்சு குடுத்திருக்காங்க, சாதாரண விஷயமா? சவுண்டுபார் வெச்சுக்கிட்டு ரீமிக்ஸ குறை சொன்னா தப்பு ரீமிக்ஸ் மேல இல்ல.

மேட்னி ஷோ:
இசைக்கு ரீமிக்ஸ் நல்லாருக்குன்னு நானும் ஒத்துக்கறேன். டைட்டில்ல கண்ணுக்குள்ளேர்ந்து சுருள் சுருளா வரும்போது ரீமிக்ஸ் தான் எனக்கும் புடிக்கும். ஆனா படத்துல ஹீரோ ஹீரோயின் கார் பின்னாடியே போற இடமெல்லாம் பேச்சே இல்ல, எவ்ளோ நேரம் பேசாம போறாரு, அங்க செருப்பு சத்தமும் கதவு சத்தமும் தான் படமே. அத 38 வருஷம் கழிச்சு வேற யாரோ ஸ்டுடியோல நடந்து காட்டி ஒட்டினா எப்படி? ஹிட்ச்காக் எழுதி வெச்ச டப்பிங் குறிப்ப பாத்து தான் பண்ணாங்கன்னு சொல்றாங்க, சரி. குறிப்ப பாத்து சமைக்கறதும் அவரே சமைக்கறதும் ஒன்னா?

ரீல்பெட்டி:
பண்ணாம விட்டிருந்தா இன்னிக்கு சண்டை போட படமே இருந்திருக்காது.

மேட்னி ஷோ:
படத்த காப்பாத்தினத யார் குறை சொன்னா? பிலிமுக்கு கும்புடு போடறேன், துப்பாக்கிக்கு போட மாட்டேன்

யாழ்ப்பாணத்து ரேடியோ:
அக்கா சொல்றது தான் சரி. என்னட்ட முதல் வந்த ஒரு டிவிடி கிடந்தது, அதில பழைய மோனோவ தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கேல்ல. பிறகு வந்ததில தான் திருப்பிப் போட்டவங்கள். பேச்சு நல்லா விளங்கும், ஒருக்கா போட்டுப் பாருங்கோ தம்பி.

ஓசி வைஃபை:
இந்த படம் தானே நம்ம எம்ஜிஆரோட கலங்கரை விளக்கம்? அதுலயும் உயரத்துலேர்ந்து ஒரு பொண்ணு விழும் அப்புறம் அதே மூஞ்சில இன்னொரு பொண்ணு வரும். அப்பட்டமான காப்பி

மவுண்ட்ரோடு மைனர்:
யோவ் காப்பின்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டியே. 1965ல கே.சங்கர் எடுத்தது, மாமல்லபுரம் லைட்ஹவுஸ வெச்சு. அங்க ஸ்பெயின்காரி ஆவி, இங்க சரோஜாதேவி தன்ன பல்லவர் காலத்து சிவகாமின்னு நெனச்சுக்கும். அந்த சர்ச் கோபுரத்த மகாபலிபுரத்துக்கு கொண்டாந்து பல்லவன் கதையோட முடிச்சு போட்டான் பாரு, அதுக்கு மூளை வேணும்

ஓசி வைஃபை:
கோபுரத்த தூக்கிட்டு வந்தா காப்பி இல்லாம வேற என்ன தலைவா

மவுண்ட்ரோடு மைனர்:
அப்போ ஹிட்ச்காக் பண்ணது? அதுவும் ஒரு பிரெஞ்சு நாவல்லேர்ந்து தான், புவாலோ நார்ஸெஜாக்னு ரெண்டு பேர் சேந்து எழுதினது, கதை பாரிஸ்ல நடக்கும். அவரு ஊர மாத்தினா மேதை நம்மாளு மாத்தினா காப்பியா

டீக்கடை பெஞ்சு:
அவரு காசு குடுத்து உரிமை வாங்கினாரு தலைவரே, அதான் வித்தியாசம். ஆனா எனக்கு ரெண்டும் புடிக்கும். வெர்டிகோ ஹீரோ ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு உயரம்னா மயக்கம், வாத்யாருக்கு உயரம்னா ஒரு பாட்டு

மவுண்ட்ரோடு மைனர்:
வாத்யார கிண்டல் பண்ணா இழை வேற எங்கயோ போய்டும் சொல்லிட்டேன்

சவுண்டு சர்வீஸ்:
கோபுரம்னு சொன்னதும் ஞாபகம், அந்த படிக்கட்டு கீழ போய்க்கிட்டே இருக்கற மாதிரி ஒரு ஷாட் வருமே, அத எப்படி எடுத்தாங்க? டிராலியா?

மேட்னி ஷோ:
கேமராவ ஒரு பக்கம் நகத்திக்கிட்டே லென்ஸ அதுக்கு எதிர்ப்பக்கமா ஜூம் பண்றது. இர்மின் ராபர்ட்ஸ்னு ரெண்டாவது யூனிட் கேமராமேன் பண்ணது. நிஜ படிக்கட்டுல அவ்ளோ பெரிய கேமராவ மேல தூக்க செலவு ஜாஸ்தின்னு சின்னதா ஒரு மாடல் படிக்கட்டு செஞ்சு அத பக்கவாட்டுல படுக்க போட்டு எடுத்தாங்க, அதுக்கே 19,000 டாலர் ஆச்சாம். கோபுரம் வர சர்ச் சான் யுவான் பட்டிஸ்டாங்கற வேற மிஷன், அங்க அப்படி ஒரு கோபுரமே கிடையாது, அதுவும் வரைஞ்சு ஒட்டினது தான்.

ரீல்பெட்டி:
இந்த ஷாட்டோட அர்த்தம் கடைசி சீன பாத்தா தான் விளங்கும், ஏன்னா அங்க

நிர்வாகி:
மேல ரெண்டு வரி எடுக்கப்பட்டது. கேள்வி கேட்டவர் இன்னும் படம் முடிக்கலன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்கார். முடிவ சொல்லாதீங்க.

ரீல்பெட்டி:
1958 படத்துக்கு ஸ்பாய்லரா? நல்லா இருக்கு. அதுவும் ஹிட்ச்காக்கே முக்கால் படத்துலயே ரகசியத்த உடைச்சுட்டாரு, அதுக்கப்புறம் எதுக்கு மூடி மறைக்கணும்

மேட்னி ஷோ:
அவர் உடைச்சது ஒரு ரகசியம். நீங்க உடைச்சது வேற.

விவிட் மோடு வில்லன்:
எடுக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சுட்டேன். நான் இன்னும் படமே பாக்கல. நன்றி சார் ரொம்ப நன்றி

டீக்கடை பெஞ்சு:
சரி சரி, தம்பி எங்க ஆளயே காணோம்? ரிட்டர்ன் போட்டாச்சா?

மவுண்ட்ரோடு மைனர்:
கலங்கரை விளக்கத்துக்கும் இப்படி யாராவது ரெண்டு வருஷம் உக்காந்து நெகட்டிவ தொடைச்சு ஒரு டிஸ்க் போட்டா காசு நான் முன்னாடியே கட்டறேன். மோனோ போதும், ரீமிக்ஸ் வேணாம்

யாழ்ப்பாணத்து ரேடியோ:
அதுக்கு நானும் காசு கட்டுறன்.

பால்கனி டிக்கெட்:
மோனோ இருந்துச்சு, போட்டேன், பேச்சு கிளியரா கேக்குது. சவுண்டுபார்ல சர்ரவுண்டும் அணைச்சுட்டேன். அப்பா துப்பாக்கி சத்தம் கேட்டதுமே இதான் இதான்னாரு, அதுக்கப்புறம் என்ன பேசவே விடல. ரிட்டர்ன் போடல. எல்லாருக்கும் நன்றி, மேட்னி ஷோ அக்காவுக்கு ஸ்பெஷலா

டீக்கடை பெஞ்சு:
சந்தோஷம் தம்பி. பிளேயர் எதுன்னு மட்டும் சொல்லிடுங்க, அடுத்து வரவங்களுக்கு உதவும்

டீக்கடை பெஞ்சு:
தம்பி?

காலண்டர் தாத்தா:
எல்லாருக்கும் வணக்கம், இழை பழசு தெரியும். எனக்கும் இதே பிரச்சனை ஆனா படம் வேற, ரிமோட்ல ஆடியோ பட்டனே இல்ல. என்ன பண்றது

டீக்கடை பெஞ்சு:
எந்த பிளேயர் ஐயா