மறுமொழி: ஸ்பூனரிசத்துக்குத் தமிழ்ச்சொல் – 'தலைமாற்று'

> 'வாய்க்குழறல்' என்றே வைத்துவிடலாம். மொரீஷியஸ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

ஐயா, வணக்கம்.

விளங்கும், ஆனால் வேறொன்றாக விளங்கும். குழறல் என்பது நாக்கின் பிழை. ஸ்பூனரிசமோ, அதாவது இரு சொற்களின் தொடக்க ஒலிகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வதோ, பெரும்பாலும் வேண்டுமென்றே ஆடும் ஆட்டம். ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜின் தலைவராக 1903 முதல் 1924 வரை இருந்த ஸ்பூனர் பெயரில் உலவும் வேடிக்கைகளில் பல, மாணவர்கள் உட்கார்ந்து புனைந்தவை. நம் பிள்ளைகள் பிரெஞ்சு வழியாக அறியக்கூடிய கொந்த்ரபெத்ரி என்ற இதேபோன்ற ஒலிமாற்று விளையாட்டும் திட்டமிட்டுச் செய்வதுதான்: சாதுவான வாக்கியத்தைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள், மாற்றிப் பார்ப்பது கேட்பவர் பாடு. இரண்டுக்கும் பொருந்தும் பெயர் வேண்டும்.

சொல்லின் தலையை, அதாவது முதலெழுத்தை, மாற்றுவதால் 'தலைமாற்று' என்கிறேன். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் 'விகடகவி' போன்றவற்றுக்கு மாலைமாற்று என்ற பெயர் பழையது. அதன் பக்கத்தில் இது இயல்பாக உட்காரும். தசை சதையாவதும் மிஞிறு ஞிமிறாவதும் ஒரே சொல்லுக்குள் நடக்கும் நிலைமாற்றம். அதனோடு குழப்ப வேண்டாம். தலைமாற்றுக்கு இரண்டு சொற்கள் தேவை.

தலையில் எதை மாற்றுகிறோம் என்பதுதான் சுவையான இடம். 'பால் கடை' என்று எழுதிக்கொள்ளுங்கள். மெய்யை மட்டும் மாற்றினால் 'கால் படை'. உயிரை மட்டும் மாற்றினால் 'பல் காடை'. எழுத்தை முழுசாக மாற்றினால் 'கல் பாடை'. மூன்றிலும் உருப்படியான சொற்களே விழுகின்றன! ஆகவே மெய்ம்மாற்று, உயிர்மாற்று, எழுத்துமாற்று என்று மூன்று உட்பிரிவு.

ஆங்கிலத்தில் 'க்ரஷிங் ப்ளோ' 'ப்ளஷிங் க்ரோ' ஆவது மெய்ம்மாற்று. கூட்டுமெய் கூட்டாகவே இடம் மாறுகிறது. 'காங்கரிங் கிங்ஸ்' 'கிங்கரிங் காங்ஸ்' ஆவதை எல்லாரும் அதே கணக்கில் சேர்ப்பார்கள். அது தவறு. இரண்டு சொல்லும் ககரத்தில்தான் தொடங்குகின்றன, மாறியது உயிர். நம் 'மாலை மணி' 'மலை மாணி' ஆவது போல.

'மலை வழி' போல இரண்டு தலையிலும் ஒரே உயிர் இருந்தால் உயிர்மாற்றுக்கு வேலையில்லை. மற்ற இரண்டும் 'வலை மழி' என்று ஒன்றாகிவிடும். பயிற்சிக்கு இப்படிப்பட்டதில் தொடங்குவது நல்லது.

கெடுவது பெரும்பாலும் சொற்புணர்ச்சியில். 'பச்சைக் கிளி'யை மாற்றினால் நடுவிலுள்ள ஒற்றும் மாற வேண்டும்: 'கச்சைப் பிளி'. க்-ஐ அப்படியே விட்டால் வாய் இடறும். உயிரில் தொடங்கும் சொல் இன்னும் சிக்கல். 'ஆட்டுப் பால்' 'பாட்டு ஆல்' ஆகும். ஒற்று விழுந்துவிடும், சேர்த்துச் சொன்னால் 'பாட்டால்' என்று ஒரே சொல்லாய் ஒட்டிக்கொள்ளும், விளையாட்டே காணாமல் போகும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை: 'ஆயில்ட் பைசிக்கிள்' தயங்காமல் 'பாயில்ட் ஐசிக்கிள்' ஆகிறது.

---

> 'தலைமாற்று' என்கிறேன்.

அம்மா, ஏற்கிறேன். குழறலை விட்டுவிடுகிறேன். 'பால் கடை'யை மூன்று விதமாகவும் மாற்றிப் பார்த்த பிறகு மறுக்க இடமில்லை.

இரண்டு குறிப்பு மட்டும். 'தலைமாற்றம்' என்று யாரும் நீட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாளில் அது கட்சித் தலைமை மாறியதாகப் படும். இன்னொன்று, கொந்த்ரபெத்ரியில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் கொச்சைப் பொருள். வகுப்பில் பிரெஞ்சு எடுத்துக்காட்டு தருபவர் முதலில் தாமே அவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும். மொரீஷியஸின் கிரியோல் மொழியில் சொல்லும் சிராந்தானுக்கும் சொல் கேட்டிருந்தார்கள். 'நிற்கும் தண்ணீர்?' 'கரும்பு.' 'தொங்கும் தண்ணீர்?' 'தேங்காய்.' அது நம் விடுகதையேதான், புதுச்சொல் வேண்டாம்.

கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றலாமா?

தலைமாற்று – பெயர்; வினையாக, தலைமாற்றிச் சொல். அடுத்தடுத்த இரு சொற்களின் முதலெழுத்தையோ, அதன் மெய்யையோ உயிரையோ ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது. எ-டு: மலை வழி – வலை மழி.