லண்டன் ஸ்மார்ட் மீட்டர் தரவு: வீடுகளை எதன் அடிப்படையில் குழுக்களாகப் பிரிப்பது?

கேள்வி: இளநிலா

வணக்கம். லண்டனில் 2011 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை 5,567 வீடுகளில் அரை மணிக்கு ஒருமுறை பதிவான மின் நுகர்வுத் தரவை என் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் சராசரி நாள் ஒன்றைக் கணக்கிட்டு, அதன் 48 எண்களை, ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறைக்குக் கொடுத்தேன். கிடைத்த 4 குழுக்களும் ஒரே வளைவை நான்கு உயரங்களில் வரைந்தது போல இருக்கின்றன: காலையில் சிறு மேடு, மாலையில் பெரிய மேடு. அதிகம் செலவிடும் வீடு எது, குறைவாகச் செலவிடும் வீடு எது என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை. அதற்குக் கட்டண ரசீதே போதும். மாலை உச்ச நேரப் பயன்பாட்டைத் தள்ளிப்போடக்கூடிய வீடுகளைக் கண்டறிவதே என் நோக்கம். வளைவுகளை நேரத்தில் முன்னும் பின்னும் நகர்த்தி ஒப்பிடும் டைனமிக் டைம் வார்ப்பிங் முறைக்கு மாறினால் இது தீருமா? குழுக்களின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்வது?

பதில் 1: அரைமணிக்காரன்

அளவும் வடிவமும் கலந்திருக்கும்போது அளவே வெல்லும். ஒவ்வொரு அரை மணி நேர நுகர்வையும் அந்த நாளின் மொத்தத்தால் வகுத்துவிட்டால் வடிவம் மட்டும் எஞ்சும். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்பதுகூட அப்போது பெரிய மேடாகத் தெரியும் என்பதால், மிகக் குறைந்த நுகர்வுள்ள நாட்களை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் நீங்கள் எடுத்த சராசரியில் இருக்கிறது. ஒருநாள் மாலை 6 மணிக்கும் மறுநாள் இரவு 9 மணிக்கும் சமைக்கும் வீட்டின் சராசரி, 6 முதல் 9 வரை நீண்டு கிடக்கும் தாழ்வான மேடாக மாறிவிடுகிறது. அப்படியொரு நாளை அந்த வீட்டில் எவரும் வாழ்ந்ததே இல்லை. எனவே வீடுகளை விட்டுவிட்டு நாட்களைக் குழுக்களாக்குங்கள். பிறகு ஒரு வீட்டின் நாட்கள் எந்தெந்தக் குழுவில் எத்தனை விழுகின்றன என்று எண்ணினால், அந்த வீடு எவ்வளவு ஒழுங்கானது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பதில் 2: மின்விநியோகப் பொறியாளர்

டைனமிக் டைம் வார்ப்பிங்கைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தினால், 6 மணி உச்சமும் 9 மணி உச்சமும் ஒன்றென அது முடிவு கட்டிவிடும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரோ கடிகாரத்தின்படிதான் சூடாகிறது. மறுபுறம், இரு வளைவுகளை அதே அரை மணியில் மட்டும் ஒப்பிடும் சாதாரணத் தொலைவுக் கணக்கு மிகவும் கறாரானது: ஒரே உச்சம் அரை மணி தள்ளி வந்தால், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று ஒருமுறையும், இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று மறுமுறையும் அது தண்டிக்கிறது. நெகிழ்வை முன்னும் பின்னும் அரை மணிக்குள் அடக்கிவையுங்கள். கோடையில் பிரிட்டனில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளப்படுவதையும் கவனியுங்கள். இதை மறந்தால் பருவ மாற்றமெல்லாம் பழக்க மாற்றமாகத் தோன்றும்.

இன்னொன்று. அந்த வீடுகளில் சுமார் 1,100 வீடுகளுக்கு 2013-இல் மாறும் கட்டணம் விதிக்கப்பட்டது: ஒரு யூனிட்டுக்கு உச்சத்தில் 67.20 பென்ஸ், இயல்பு நேரத்தில் 11.76 பென்ஸ், மலிவு நேரத்தில் 3.99 பென்ஸ். விலைக்கு அஞ்சி மாறிய பழக்கத்தை இயல்பான பழக்கத்தோடு கலந்து குழுவாக்கினால் எதுவும் விளங்காது. 2012-ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு குழுக்களை அமையுங்கள். எந்தக் குழு உண்மையில் உச்சத்தைக் குறைத்தது என்பதை 2013 காட்டிவிடும். உங்கள் கேள்விக்கு வளைவின் வடிவம் ஊகத்தைத்தான் தரும், விடையைத் தருவது இந்தச் சோதனையே.

பதில் 3: கணக்கன்

குழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்று அளக்கும் சிலுவெட் மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள். இத்தகைய தரவில் அது பெரும்பாலும் இரண்டு குழுக்களே போதும் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். கே-மீன்ஸ் தொடக்கப் புள்ளிகளைத் தற்செயலாகத் தேர்வதால், ஒரே எண்ணிக்கையை வைத்துப் பலமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாட்கள் வேறு வேறு குழுக்களுக்குத் தாவினால், அந்த எண்ணிக்கை தரவில் இல்லை, உங்கள் விருப்பத்தில்தான் இருக்கிறது.

இளநிலா

மிக்க நன்றி. மொத்தத்தால் வகுத்துவிட்டால், நாளொன்றுக்கு 3 யூனிட் செலவிடும் வீடும் 30 யூனிட் செலவிடும் வீடும் ஒரே குழுவில் சேர்ந்துவிடுமே?

மின்விநியோகப் பொறியாளர்

சேரட்டும். அளவை இரண்டாவது அடையாளமாகத் தனியே குறித்துவையுங்கள். மாலைப் பயன்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளிப்போடும்படி கேட்கும்போது, முதலில் யார் கதவைத் தட்டுவது என்பதை அந்த இரண்டாவது அடையாளம்தான் சொல்லும்.