தொட்டில் பஞ்சாயத்து: மாசி வீதிக் குடும்பக் குழுவிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை

மீனா, காலை 9:12
[படம்]
இதைப் பாருங்கள். கட்டிலோடு ஒட்டிப் போடுகிற தொட்டில். ஒரு பக்கத்தை இறக்கிவிட்டால் படுத்தபடியே கையை நீட்டிப் பிள்ளையைத் தொடலாம். 11,500 ரூபாய். வாங்கலாமா?

அம்மா, 9:15
பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டிலா? அம்மாச்சி காதில் விழுந்தால் அவ்வளவுதான்.

மீனா, 9:15
அம்மாச்சியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள் அம்மா.

அம்மாச்சி, 9:18
[குரல் செய்தி 0:41]

மீனா, 9:20
கேட்காதவர்களுக்காக: வெறும் தொட்டிலை வீட்டில் வைக்கக் கூடாதாம். ஆட்டவே கூடாதாம். பதினாறாம் நாள் தொட்டில் போடும்போது தாய்மாமன்தான் வாங்கி வர வேண்டுமாம். அண்ணா, அது நீதான்.

அண்ணன், 9:31
லண்டனிலிருந்து தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வரவா? பணம் அனுப்புகிறேன் தாயே.

அண்ணி, 9:34
மீனா, நாங்கள் இந்த மாதிரிதான் வைத்திருந்தோம். எனக்கு ஆபரேஷன் ஆன புதிதில் எழுந்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆகும். அந்த இரண்டு வாரம் இதுதான் கைகொடுத்தது. ஆனால் முதலில் உங்கள் கட்டிலை அளந்துகொள். தொட்டில் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

மீனா, 9:35
கட்டிலில் எதை அளக்க?

அண்ணி, 9:40
தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் வரை. தொட்டிலில் இறக்கிவிட்ட பக்கத்துச் சட்டம் உன் மெத்தையைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் பிள்ளையின் கழுத்து அதில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளை படுக்கும் மெத்தை அந்தச் சட்டத்துக்குக் கீழே இறங்கி இருக்க வேண்டும். 2019-இல் வந்த ஐரோப்பியத் தரவிதி, பிள்ளைக்கும் பெரியவர்கள் படுக்கைக்கும் நடுவே குறைந்தது 12 செ.மீ. தடுப்பு வேண்டும் என்கிறது. தடுப்பே இல்லாமல் இரண்டு மெத்தையும் ஒரே சமமாக இருக்கிற மாதிரி படம் போட்டிருந்தால் அதை விட்டுவிடு.

அம்மா, 9:42
12 செ.மீ. என்றால் எவ்வளவு?

அண்ணி, 9:42
அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே அத்தை.

அப்பா, 9:58
[படம்]
நம் தேக்குக் கட்டில் 18 அங்குலம். இரண்டு முறை அளந்தேன்.

கார்த்திக், 9:59
மாமா, நீங்கள் மூன்று முறை அளந்திருப்பீர்கள்.

அப்பா, 10:00
நான்கு.

மீனா, 10:03
இந்தத் தொட்டிலை எவ்வளவு தாழ்த்தினாலும் சட்டம் 20 அங்குலத்தில் நிற்குமாம்.

அண்ணி, 10:04
அப்படியென்றால் பொருந்தாது.

அப்பா, 10:06
கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கிவிட்டால்?

அம்மா, 10:07
பிள்ளை பெற்றவள் ஏறி இறங்க வேண்டிய கட்டிலைக் கட்டைமேல் நிறுத்தப் போகிறாராம்.

அப்பா, 10:07
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா, 10:15
[படம்]
இன்னொரு சிக்கல். மெத்தை உட்கார்ந்திருப்பது பக்கப் பலகைக்கு உள்ளே. பலகை ஒன்றரை அங்குலக் கனம். தொட்டிலை எவ்வளவு ஒட்டிப் போட்டாலும் மெத்தையோடு சேராது.

அம்மா, 10:17
அந்தச் சந்தில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்துவிட்டால் போயிற்று.

சித்தி, 10:44
இரவு டியூட்டி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அக்கா, அதை மட்டும் செய்துவிடாதே. சுருட்டி அடைத்தது நழுவும். நழுவினால் சந்து பழையபடி வந்துவிடும், கூடவே பிள்ளையின் மூக்கை மூட ஒரு துணியும் கிடைத்துவிடும். பச்சைப் பிள்ளைக்கு முகத்தில் விழுந்த துணியைத் தள்ளத் தெரியாது. தலையணை, போர்வை, புடவை எதையும் வைத்துச் சந்தை அடைக்கக் கூடாது. சந்தே இருக்கக் கூடாது.

சித்தி, 10:49
கூட வரும் பெல்ட்டால் தொட்டிலைக் கட்டிலோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறை பிள்ளையைப் போடும் முன்னும் ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் மறுபடி கட்டு. கட்ட வழியில்லை என்றால் பக்கத்தை ஏற்றிப் பூட்டிவிட்டு, கட்டிலுக்கு அருகில் தனித் தொட்டிலாக நிறுத்து. அதில் ஒரு குறையும் இல்லை மீனா. பிள்ளை உன் அறையில் இருக்க வேண்டும், ஆனால் அதற்கென்று தனிப் படுக்கையில். குறைந்தது ஆறு மாதம். அதைத் தவிர இந்தத் தொட்டிலில் இருக்கிற விசேஷமெல்லாம் உன் வசதிக்குத்தான்.

கார்த்திக், 11:02
சென்னையில் நம் கட்டில் பாக்ஸ் டைப். உயரம் சரியாக வருகிறது. ஆனால் அதற்குக் காலே இல்லையே, பெல்ட்டை எங்கே கட்டுவது?

அண்ணி, 11:10
சில தொட்டில்களில் பெல்ட்டை மெத்தைக்கு அடியில் விட்டு மறுபக்கம் வரை கொண்டுபோய்க் கட்டலாம். எந்த மாதிரிக் கட்டிலுக்கு எப்படிக் கட்டுவது என்று கூட வரும் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். உங்கள் கட்டில் அதில் இல்லை என்றால் நீங்களாக ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டாம்.

அண்ணன், 11:15
கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரையில் மூன்று மாதம் மூடியே கிடக்கும். பிள்ளை உட்காரவோ, கையை ஊன்றி முட்டி போடவோ தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஐந்து, ஆறு மாதம் என்று வைத்துக்கொள். ஆக சென்னையில் திறந்து வைப்பது இரண்டு மூன்று மாதம். அதற்கு 11,500?

மீனா, 11:16
தாய்மாமன் இப்படியா கணக்குப் பார்ப்பது?

கார்த்திக், 11:20
என் ஆபீஸ் நண்பர் அவர்கள் வீட்டுத் தொட்டிலைத் தருகிறேன் என்கிறார். ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு பெல்ட் தொலைந்துவிட்டதாம்.

சித்தி, 11:27
அந்த பெல்ட் வரும் வரை பக்கத்தைத் திறக்கவே கூடாது. தயாரித்தவர்களிடமே கேட்டு வாங்குங்கள், வேறு கயிறு கட்ட வேண்டாம். மெத்தை அதனோடு வந்ததுதானா என்றும் கேளுங்கள். கடையில் வெட்டி வாங்கிய மெத்தை என்றால் ஓரத்தில் சந்து விழும். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் பள்ளம் விழாமல் கெட்டியாக இருக்க வேண்டும். அப்புறம், அந்த மாடலைக் கம்பெனி திரும்பப் பெற்றிருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

கார்த்திக், 11:30
தலைப்பக்கம் மட்டும் உயர்த்தும் வசதியும் இருக்கிறதாம் சித்தி. பால் கக்கினால் நல்லது என்கிறார்.

சித்தி, 11:36
அதைத் தொடவே வேண்டாம். தட்டையாக இருக்கட்டும். சாய்த்துப் போட்டால் பிள்ளை கீழே சரியும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று 2022-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். கக்குகிற பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விட வைத்தால் போதும்.

அம்மா, 11:38
மல்லாக்கப் போட்டால் கக்கியது தொண்டையில் அடைக்காதா?

சித்தி, 11:41
மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும் அக்கா. கக்கியது மேடேறிப் போக வேண்டும். குப்புறப் போட்டால்தான் அது மூச்சுக்குழாய்ப் பக்கம் வழியும்.

அண்ணன், 11:45
இங்கே 1991 இறுதியில் ‘மல்லாக்கப் போடுங்கள்’ என்று பிரசாரம் தொடங்கினார்கள். அதன் பிறகு தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அறை 16 முதல் 20 டிகிரி இருக்கட்டும் என்றும் சொல்கிறார்கள். மதுரைக்கு அது ஆகாது, விட்டுவிடுங்கள்.

சித்தி, 11:47
மதுரையில் பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார். வேர்த்திருந்தால் துணி அதிகம். ஒரு பருத்திச் சட்டை போதும். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம்.

அம்மாச்சி, 11:55
[குரல் செய்தி 1:52]

அம்மா, 12:01
கேட்டீர்களா? ‘உங்கள் எல்லாரையும் தூளியில்தான் போட்டேன், யார் செத்துப்போனது?’ என்கிறார்கள்.

சித்தி, 12:09
அம்மா, நீங்கள் தூளியில் போட்டுவிட்டு எங்கே போனீர்கள்? பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். கண் பிள்ளைமேலேயே இருந்தது. இவர்கள் போட்டுவிட்டு விளக்கை அணைத்துத் தூங்குவார்கள். புடவைத் தூளியில் பிள்ளை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டும், துணி முகத்தில் விழும். பகலில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுங்கள். தூங்கியதும் எடுத்துத் தொட்டிலில் போட்டுவிடலாம். சரியா?

அம்மாச்சி, 12:16
[குரல் செய்தி 0:03]

மீனா, 12:17
‘ம்’ என்றார்கள்.

ஐந்து வாரம் கழித்து, புதன்கிழமை

மீனா, மாலை 5:20
[படம்]
வந்துவிட்டோம். ஐயா முதல் முறையாகத் தொட்டிலில்.

அண்ணன், 5:21
மூக்கு அப்படியே என் மூக்கு!

அத்தை, 5:22
கண்ணு பட்டுவிடப் போகிறது. கடுகுத் தலையணை நான் வாங்கிக் கொடுத்ததுதானே?

சித்தி, 5:24
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடுகுத் தலையணையை எடு. யானைப் பொம்மையை எடு. சுற்றிக் கட்டியிருக்கும் அந்தப் பஞ்சுத் திண்டை அவிழ்த்துவிடு. கழுத்தில் என்ன அது, கறுப்புக் கயிறா? அதையும் எடு. மை வைத்துக்கொள், போதும்.

அத்தை, 5:26
தலை உருண்டையாக வரத்தானே கடுகு?

சித்தி, 5:30
தலை தட்டையாகாமல் இருக்க, முகத்தை ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கலாம் அண்ணி. விழித்திருக்கும்போது நாம் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். தூக்கத்தில் தலையணை வேண்டாம்.

மீனா, 5:38
[படம்]
இப்போது?

சித்தி, 5:39
மெத்தை, விரிப்பு, பிள்ளை. இவ்வளவுதான். கொசுவலை?

அப்பா, 5:41
கட்டில், தொட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே வலையாக உத்தரத்திலிருந்து கட்டிவிட்டேன். பிள்ளைக்கு எட்டாத உயரம், எங்கும் தொங்காது. அளந்துதான் கட்டினேன்.

கார்த்திக், 5:42
எத்தனை முறை மாமா?

வியாழக்கிழமை

மீனா, அதிகாலை 3:08
யாராவது விழித்திருக்கிறீர்களா? பால் கொடுத்துப் போட்டால் பத்தே நிமிடம். எடுத்தால் தூங்குகிறான், போட்டால் அலறுகிறான். நாலாவது தடவை. உட்கார்ந்தபடியே எனக்குக் கண் சொக்குகிறது.

அண்ணி, 3:09
இங்கே இன்னும் இரவு பதினொன்றுகூட ஆகவில்லை, விழித்திருக்கிறேன். சோபாவில் மட்டும் உட்காராதே மீனா. அதில் பிள்ளையோடு தூங்கிப்போவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அத்தையை எழுப்பு.

மீனா, 3:10
அம்மா இப்போதுதான் படுத்தார்கள்.

அம்மாச்சி, 3:12
[குரல் செய்தி 0:09]

அண்ணி, 3:13
என்ன சொல்கிறார்கள்?

மீனா, 3:14
‘இங்கே கொண்டா, மடியில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு எப்படியும் தூக்கம் வராது. நீ போய்ப் படு.’